பிசியோதெரபி ஆய்வுகளில் எண்களைப் படிக்கும் முறை

1. ஒப்பீடு இல்லாத எண்

ஒரு சிகிச்சை பலன் தருகிறதா என்ற கேள்விக்கு, சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகள் மட்டும் விடை சொல்வதில்லை. அந்தச் சிகிச்சை கிடைக்காமல் இருந்திருந்தால் அதே நோயாளி எந்த நிலையில் இருந்திருப்பார் என்பதும் தெரிய வேண்டும். அந்த நிலையை யாரும் நேரில் பார்க்க முடியாது, மதிப்பிடத்தான் முடியும். சிகிச்சை ஆய்வுகளில் வரும் புள்ளியியலின் பெரும்பகுதி இந்த மதிப்பீட்டுக்கானது.

காவிரியின் கடைமடையான நாகப்பட்டினம் மாவட்டத்தில் நடவுக் காலத்து இடுப்புவலியை எடுத்துக்கொள்ளலாம். சேற்றில் நாள் முழுக்கக் குனிந்து நாற்று நடுகிறவர் வலி தொடங்கிய அன்றே மருத்துவமனைக்கு வருவதில்லை. கூலி போய்விடும் என்பதால் தைலம் தேய்த்துச் சமாளித்து, நிமிரவே முடியாத கட்டத்தில்தான் வருகிறார். வலி உச்சத்தில் இருக்கும்போது அளந்தால், அடுத்த முறை அளக்கையில் பெரும்பாலும் குறைந்தே இருக்கும். அதற்குள் நடவு முடிந்து முதுகுக்கு ஓய்வும் கிடைத்துவிடும். பத்துக்கு எட்டாக இருந்த வலி மூன்று வாரத்தில் நான்காக இறங்கினால், அந்த இறக்கத்தில் பயிற்சிக்கும் பங்கு உண்டு, ஓய்வுக்கும் உண்டு, நோயின் இயல்பான போக்குக்கும் உண்டு, உச்சத்துக்குப் போன எந்த அளவும் சராசரியை நோக்கித் திரும்பும் தன்மைக்கும் உண்டு. இவற்றைப் பிரித்துக் காட்ட ஒப்பீட்டுக் குழு தேவை.

ஒப்பீட்டுக் குழு இருந்தும் கணக்கைத் தவறாகப் படிக்கும் கட்டுரைகள் உண்டு. “சிகிச்சைக் குழுவில் முன்-பின் மாற்றம் புள்ளியியல்படி குறிப்பிடத்தக்கது, ஒப்பீட்டுக் குழுவில் அப்படி இல்லை, ஆகவே சிகிச்சையே சிறந்தது” என்று அவை முடிக்கும். இந்த முடிவு செல்லாது. இரு குழுக்களின் மாற்றங்களையும் ஒன்றோடொன்று நேரடியாக ஒப்பிட்டு, இடையிலுள்ள வேறுபாட்டைத் தந்திருக்க வேண்டும். கட்டுரையில் முதலில் தேட வேண்டியது அந்த ஒரு எண்ணைத்தான்.

2. குழுக்களைப் பிரிக்கும் விதம்

சமவாய்ப்பு முறையில் குழு பிரிப்பது வயலில் பிறந்த உத்தி. இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் 1919இல் பணியில் சேர்ந்த ரொனால்ட் ஃபிஷர், பயிர்ச் சோதனைகளுக்காக இதை வகுத்தார். ஆடுதுறை நெல் ரகங்களைப் பார்த்துப் பழகிய டெல்டா வாசகருக்கு இதன் காரணம் எளிதில் விளங்கும். புது ரகத்தை வாய்க்கால் தலைப்பில் உள்ள வயலிலும் பழைய ரகத்தைக் கடைமடை வயலிலும் நட்டால், கூடுதல் விளைச்சல் ரகத்தால் வந்ததா தண்ணீரால் வந்ததா என்று சொல்ல முடியாது. பாத்திகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்தால் மண், தண்ணீர், மேடு பள்ளம் எல்லாம் இரு ரகங்களுக்கும் ஏறத்தாழச் சமமாகப் பங்கிடப்படும்.

நோயாளிகளுக்கும் இதே நியாயம்தான். கைகால் ஓரளவு அசைபவரைச் சிகிச்சையாளரே தன் விருப்பப்படி புதிய பயிற்சிக் குழுவில் சேர்த்துவிட்டால் ஆய்வு தொடங்கும்போதே முடிவு சாய்ந்துவிடும். எனவே குழுப் பிரிப்பு சமவாய்ப்பு முறையில் நடந்ததா, அடுத்து வருபவர் எந்தக் குழுவுக்குப் போவார் என்பது சேர்ப்பவருக்குத் தெரியாமல் மறைக்கப்பட்டதா என்ற இரண்டையும் பார்க்க வேண்டும்.

பிசியோதெரபி ஆய்வுகளில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. மாத்திரையைப் போல உடற்பயிற்சியை ஒளித்துக் கொடுக்க முடியாது. தனக்கு என்ன சிகிச்சை நடக்கிறது என்று நோயாளிக்கும் சிகிச்சையாளருக்கும் தெரியும். அதனால் விளைவை அளப்பவருக்காவது எந்த நோயாளி எந்தக் குழு என்பது தெரியாமல் இருக்க வேண்டும். ஆய்வுகளின் தரத்தைப் பத்துக்கு மதிப்பிடும் பெட்ரோ அளவுகோலில், நோயாளிக்கும் சிகிச்சையாளருக்கும் மறைத்ததற்கு ஆளுக்கொரு புள்ளி உண்டு. அந்த இரண்டும் இங்கே பெரும்பாலும் கிடைக்காது. பல பிசியோதெரபி ஆய்வுகளுக்கு எட்டுதான் நடைமுறை உச்சம் என்பதை நினைவில் வைத்து அந்த மதிப்பெண்ணைப் படிக்க வேண்டும்.

3. ஒரு இந்திய ஆய்வு: அட்டெண்ட்

பக்கவாதத்துக்குப் பிந்தைய மறுவாழ்வுப் பயிற்சியைக் குடும்பத்தினர் மூலம் கொடுத்தால் பலன் கூடுமா என்று இந்தியாவின் 14 மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு அட்டெண்ட். 2014 ஜனவரி முதல் 2016 பிப்ரவரி வரை 1,250 நோயாளிகள் சேர்க்கப்பட்டார்கள். முடிவு 2017இல் லான்செட் இதழில் வெளியானது. ஒரு குழுவுக்கு வழக்கமான சிகிச்சை. மற்றக் குழுவுக்கு அதோடு கூடுதலாக, நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் உறவினருக்கு மருத்துவமனையிலேயே பயிற்சி. வீடு திரும்பிய பிறகும் இரண்டு மாதம் வரை அது தொடர்ந்தது. ஆறாவது மாதத்தில், குழு விவரம் தெரியாத மதிப்பீட்டாளர்கள் மாற்றியமைக்கப்பட்ட ரான்கின் அளவுகோலைக் கொண்டு நிலையை அளந்தார்கள். 0 என்றால் எந்தக் குறையும் இல்லை. 6 என்றால் இறப்பு. 3 முதல் 6 வரை, அதாவது பிறர் உதவி தேவைப்படும் நிலை அல்லது இறப்பு, மோசமான விளைவாகக் கொள்ளப்பட்டது.

| | குடும்பப் பயிற்சிக் குழு | வழக்கமான சிகிச்சைக் குழு |
|---|---|---|
| சேர்க்கப்பட்டோர் | 623 | 627 |
| ஆறாம் மாதம் மதிப்பிடப்பட்டோர் | 607 | 605 |
| மோசமான விளைவு | 285 (47%) | 287 (47%) |

ஆட்ஸ் விகிதம் 0.98, 95 சதவீத நம்பிக்கை இடைவெளி 0.78 முதல் 1.23 வரை, பி மதிப்பு 0.87. ஓர் ஆய்வின் சாரம் பெரும்பாலும் இப்படி ஒரே வரியில் அடங்கிவிடும். அந்த வரியின் ஒவ்வொரு எண்ணும் வெவ்வேறு கேள்விக்கு விடை.

4. வேறுபாடு எவ்வளவு

முதல் கேள்வி அளவைப் பற்றியது. 607 பேரில் 285 என்பது 46.95 சதவீதம்; 605 பேரில் 287 என்பது 47.44 சதவீதம். வேறுபாடு அரைச் சதவீதப் புள்ளிகூட இல்லை. இப்படி நேராகக் கழித்துப் பெறுவது தனி வேறுபாடு. நோயாளிக்கும் குடும்பத்துக்கும் சொல்லத் தகுந்தது இதுதான்.

ஆட்ஸ் விகிதம் வேறு வழியில் வருகிறது. முதல் குழுவில் மோசமான விளைவு 285 பேருக்கு, நல்ல விளைவு 322 பேருக்கு. 285ஐ 322ஆல் வகுத்தால் 0.885. இரண்டாம் குழுவில் 287ஐ 318ஆல் வகுத்தால் 0.903. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 0.98. ஆட்ஸ் விகிதம் 1 என்றால் குழுக்களிடையே வேறுபாடு இல்லை.

ஆட்ஸ் விகிதத்தைச் சதவீதக் குறைவாகப் படிப்பது பரவலான பிழை. அவெர்ட் என்ற ஆய்வு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பக்கவாதம் வந்த 24 மணி நேரத்துக்குள் நோயாளியைப் படுக்கையிலிருந்து எழுப்பி, அதிக அளவில் நடமாட வைத்தால் நல்லதா என்று அது சோதித்தது. மலேசியா, சிங்கப்பூர் உட்பட ஐந்து நாடுகளின் 56 பக்கவாதப் பிரிவுகளில் 2,104 பேர் பங்கேற்றார்கள். முடிவு 2015இல் வெளியானது. மூன்றாம் மாதத்தில் நல்ல நிலையில் இருந்தவர்கள் தீவிர நடமாட்டக் குழுவில் 1,054 பேரில் 480, வழக்கமான சிகிச்சையில் 1,050 பேரில் 525. வயதுக்கும் நோயின் கடுமைக்கும் ஈடுசெய்த ஆட்ஸ் விகிதம் 0.73. “நல்ல விளைவு 27 சதவீதம் குறைந்தது” என்று இதைப் படிக்கத் தோன்றும். உண்மையில் 50 சதவீதம் 46 சதவீதமாகக் குறைந்தது. தனி வேறுபாடு சுமார் 4.5 புள்ளி. ஒரு குழுவின் சதவீதத்தை மற்றதன் சதவீதத்தால் வகுத்துப் பெறும் ஒப்பு விகிதத்தில் 9 சதவீதக் குறைவு. விளைவு அரிதாக இருக்கும்போது ஆட்ஸ் விகிதமும் ஒப்பு விகிதமும் நெருங்கி நிற்கும். பாதிப் பேருக்கு நேரும் விளைவில் இரண்டும் வெகுவாக விலகிவிடும்.

1ஐ தனி வேறுபாட்டால் வகுத்தால் எத்தனை பேருக்குச் சிகிச்சை கொடுத்தால் ஒருவருக்கு விளைவு மாறும் என்பது கிடைக்கும். அவெர்ட்டில் 1 ÷ 0.045 = சுமார் 22. தீவிர நடமாட்டம் பெற்ற ஒவ்வொரு 22 பேருக்கும் ஒருவர் வீதம் நல்ல விளைவை இழந்தார் என்பது இதன் பொருள். பயிற்சி எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு அதிகம் கொடுக்கிறோமோ அவ்வளவு நல்லது என்ற நம்பிக்கையை இந்த முடிவு சோதனைக்கு உட்படுத்தியது. ஒப்பீட்டுக் குழுவினரும் படுத்தே கிடக்கவில்லை: அவர்கள் முதன்முதலில் எழுந்த இடைநிலை நேரம் 22.4 மணி; தீவிரக் குழுவுக்கு 18.5 மணி. நடமாட்டம் கூடாது என்று ஆய்வு சொல்லவில்லை. முதல் நாட்களில் அதன் வேகத்தையும் அளவையும் கூட்டியதைத்தான் அது கேள்விக்கு உட்படுத்தியது.

5. எவ்வளவு உறுதி

ஆய்வில் கிடைத்த வேறுபாடு ஒரு மாதிரியின் அளவு மட்டுமே. வேறு 1,250 பேரைச் சேர்த்திருந்தால் எண் சற்று மாறியிருக்கும். இந்தத் தடுமாற்றத்தின் எல்லையைக் காட்டுவது நம்பிக்கை இடைவெளி. 1930களில் ஜெர்சி நெய்மன் வகுத்த கருத்து. இதே முறையில் ஆய்வைத் திரும்பத் திரும்ப நடத்தி ஒவ்வொரு முறையும் இடைவெளியைக் கணக்கிட்டால், நூற்றில் சுமார் 95 இடைவெளிகள் உண்மை மதிப்பை உள்ளடக்கியிருக்கும். நடைமுறையில், தரவுகளோடு ஒத்துப்போகும் மதிப்புகளின் வீச்சு என்று இதைப் படிக்கலாம்.

அட்டெண்ட் எண்களைக் கொண்டு தனி வேறுபாட்டுக்கு இடைவெளி கணக்கிட்டால், அரைப் புள்ளிக்கு இருபுறமும் சுமார் 5.6 புள்ளி வருகிறது. குடும்பப் பயிற்சி மோசமான விளைவை ஏறத்தாழ 6 புள்ளி குறைத்திருக்கவும் கூடும், 5 புள்ளி கூட்டியிருக்கவும் கூடும். பெரிய பலன் இல்லை என்று இந்த இடைவெளியை வைத்து ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். அதே 47 சதவீதமே இருந்து, ஒவ்வொரு குழுவிலும் 20 பேர் மட்டும் இருந்திருந்தால் இடைவெளி இருபுறமும் சுமார் 31 புள்ளிக்கு விரிந்திருக்கும். பெரும் நன்மை, பெரும் தீமை இரண்டுமே அதற்குள் அடங்கும். அத்தகைய சிற்றாய்வு “வேறுபாடு இல்லை” என்று முடித்தால், தெரியவில்லை என்றே அதைப் படிக்க வேண்டும். கல்லூரி ஆய்வேடுகளில் வரும் 30, 40 பேர் ஆய்வுகளுக்கு இந்த எச்சரிக்கை முதலில் பொருந்தும்.

6. பி மதிப்பு சொல்வதும் சொல்லாததும்

உண்மையில் இரு சிகிச்சைகளுக்கும் வேறுபாடே இல்லை என்று வைத்துக்கொண்டால், ஆய்வில் கண்ட அளவோ அதைவிடப் பெரிய அளவோ வேறுபாடு தற்செயலாகத் தோன்றும் வாய்ப்பு எவ்வளவு என்பதே பி மதிப்பு. அவெர்ட்டில் அது 0.004, தற்செயல் என்று தள்ளிவிடுவது கடினம். அட்டெண்ட்டில் 0.87, தற்செயலுக்குத் தாராளமாக இடம் இருக்கிறது.

0.05 என்ற எல்லைக்கோடு இயற்கை வகுத்ததல்ல. ஃபிஷர் 1925இல் வெளியிட்ட நூலில் வசதிக்காக எடுத்துக்கொண்ட அளவு பின்னாளில் மரபாக நிலைத்துவிட்டது. 0.04 வந்தால் வெற்றி, 0.06 வந்தால் தோல்வி என்று படிப்பதற்கு நியாயம் இல்லை. அறிவியல் முடிவுகளை ஒரு எல்லைக்கோட்டை மட்டும் வைத்து எடுக்கக் கூடாது என்று அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016இல் அறிக்கையே வெளியிட்டது. பி மதிப்பு பலனின் அளவைச் சொல்லாது. சிகிச்சை பயன் தரும் வாய்ப்பையும் சொல்லாது. ஆயிரக்கணக்கானோர் பங்கேற்ற ஆய்வில் அற்பமான வேறுபாட்டுக்கும் சிறிய பி மதிப்பு வரலாம்.

எத்தனை விளைவுகளைச் சோதித்தார்கள் என்பதும் முக்கியம். சிறிதும் பலனில்லாத சிகிச்சைக்கு, ஒன்றையொன்று சாராத 20 விளைவுகளை அளந்து ஒவ்வொன்றையும் 0.05இல் சோதித்தால், ஒன்றாவது “குறிப்பிடத்தக்கது” என்று வரும் வாய்ப்பு 64 சதவீதம். எனவேதான் முதன்மை விளைவை ஆய்வு தொடங்கும் முன்பே பதிவுசெய்ய வேண்டும். இந்திய மருத்துவ ஆய்வுக் கழகத்தின் கீழ் 2007இல் தொடங்கிய இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் இதை இணையத்தில் யாரும் பார்க்கலாம். பதிவில் சொன்ன முதன்மை விளைவும் கட்டுரையில் முன்னிறுத்தப்படும் விளைவும் ஒன்றுதானா என்று ஒப்பிடச் சில நிமிடங்கள் போதும்.

துணைக் குழுக்களுக்கும் பின்னர் செய்யும் பகுப்பாய்வுக்கும் இதே எச்சரிக்கை உண்டு. அவெர்ட் தரவுகளை வைத்து 2016இல் வெளியான அளவு-விளைவுப் பகுப்பாய்வு, ஒரு நாளில் குறைந்த நேரம் நீளும் பல அமர்வுகள் நன்மையோடும், கூடிய மொத்த நேரம் தீமையோடும் தொடர்புள்ளதாகக் கண்டது. முன்கூட்டியே திட்டமிட்ட பகுப்பாய்வு என்பதால் இதற்கு மதிப்பு உண்டு. ஆனால் யாருக்கு எத்தனை அமர்வு கிடைத்தது என்பது சமவாய்ப்பால் தீர்மானிக்கப்பட்டதல்ல; நோயாளியின் நிலையும் அதில் கலந்திருக்கலாம். அடுத்த ஆய்வு சோதிக்க வேண்டிய யோசனையாகவே இதைக் கொள்வது முறை.

7. நோயாளிக்குப் பொருளுள்ள மாற்றம்

வலி, நடக்கும் தூரம், மூட்டு மடங்கும் கோணம் போன்ற அளவுகளில் சராசரி வேறுபாடு தரப்படும். அதைப் படிக்க இன்னொரு எண் வேண்டும்: நோயாளி பொருட்படுத்தும் மிகச் சிறிய மாற்றம். நாள்பட்ட வலிக்கான 0 முதல் 10 வரையிலான அளவுகோலில் சுமார் 2 புள்ளி அல்லது 30 சதவீதக் குறைவு அத்தகைய மாற்றம் என்று 2001இல் ஃபேராரும் உடன் ஆய்வாளர்களும் காட்டினார்கள்.

விளக்கத்துக்காக ஒரு கற்பனைக் கணக்கு. மூட்டுவலிக்குப் பயிற்சி பெற்ற குழுவில் வலி சராசரியாக 2.5 புள்ளி குறைந்தது. ஆலோசனை மட்டும் பெற்ற குழுவில் 2 புள்ளி. வேறுபாடு 0.5, நம்பிக்கை இடைவெளி 0.1 முதல் 0.9 வரை. இடைவெளி பூச்சியத்தைத் தொடாததால் இது புள்ளியியல்படி குறிப்பிடத்தக்கது. ஆனால் பயிற்சியால் கூடுதலாகக் கிடைத்தது அரைப் புள்ளிதான். பயிற்சிக் குழுவின் 2.5ஐ முழுப் பலனாகக் காட்டுவது தவறு. அதேசமயம், 2 புள்ளி என்பது தனி நோயாளியின் மாற்றத்துக்கான அளவு. குழுச் சராசரிகளின் வேறுபாட்டை அப்படியே அதோடு ஒப்பிடுவதும் சரியல்ல. ஒவ்வொரு குழுவிலும் எத்தனை சதவீதம் பேர் 2 புள்ளி முன்னேற்றம் கண்டார்கள் என்று கட்டுரை தந்திருந்தால் அதுவே பயனுள்ள எண்.

எவ்வளவு பலன் இருந்தால் சிகிச்சை தகும் என்பது செலவையும் பொறுத்தது. திருக்குவளைப் பக்கத்திலிருந்து நாகைக்குப் பேருந்தில் வந்து போகும் விவசாயக் கூலித் தொழிலாளிக்கு ஒவ்வோர் அமர்வும் ஒரு நாள் கூலி. வாரம் மூன்று முறை வரச் சொல்லும் சிகிச்சை, வீட்டிலேயே செய்யும் பயிற்சியைவிட எவ்வளவு கூடுதலாகத் தந்தால் அவருக்கு ஈடாகும் என்பதை அவரிடம்தான் கேட்க வேண்டும்.

8. விடுபட்டவர்கள்

ஆய்வின் இடையில் நின்றவர்கள் எத்தனை பேர், எந்தக் குழுவில் என்று பார்க்க வேண்டும். பயிற்சி கடினம் என்று நின்றுவிட்டவர்களைக் கழித்துவிட்டால், மீதமிருப்பவர்கள் இயல்பாகவே நன்றாகத் தேறியவர்களாக இருப்பார்கள். எனவே, சிகிச்சையை முடித்தாலும் முடிக்காவிட்டாலும் முதலில் சேர்த்த குழுவிலேயே வைத்துக் கணக்கிடுவது முறை. அட்டெண்ட்டில் விடுபட்டவர்கள் ஒரு பக்கம் 16, மறுபக்கம் 22. மொத்தம் 38 பேர், 3 சதவீதம். இரு பக்கமும் ஏறத்தாழச் சமம். நாற்பது பேர் ஆய்வில் பத்துப் பேர், அதுவும் ஒரே குழுவிலிருந்து, விடுபட்டிருந்தால் முடிவை நம்ப இடமில்லை.

9. நாகையின் நோயாளிக்குப் பொருந்துமா

எண்களைச் சரியாகப் படித்த பிறகே பொருத்தத்தைப் பற்றிய கேள்வி எழுகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வருகிறது. பக்கவாத நோயாளியின் மனைவிக்கோ மருமகளுக்கோ பயிற்சி சொல்லித் தருவது அந்தப் பணியின் இயல்பான பகுதி. அட்டெண்ட் முடிவு அதைக் கைவிடச் சொல்கிறதா?

ஒப்பீட்டுக் குழு பெற்றது என்ன என்பதில் விடை இருக்கிறது. அட்டெண்ட்டில் இரு குழுவுக்கும் வழக்கமான மருத்துவமனைச் சிகிச்சை கிடைத்தது. அதன்மேல் குடும்பப் பயிற்சியைச் சேர்த்ததால் இறப்போ சார்ந்திருக்கும் நிலையோ குறையவில்லை என்பதே ஆய்வு காட்டியது. எந்தப் பயிற்சியுமே கிடைக்காத ஒரு மீனவக் கிராமத்து நோயாளிக்குப் பயிற்சி கொடுப்பதைப் பற்றி அது நேரடியாக எதையும் சோதிக்கவில்லை. மறுபுறம், பயிற்சி பெற்ற சிகிச்சையாளரின் இடத்தைக் குடும்பத்தினரைக் கொண்டு நிரப்பிவிடலாம் என்று திட்டமிடுவோருக்கு இந்த முடிவு ஆதரவு தரவில்லை.

அளவுகோலின் பொருத்தமும் பார்க்கத் தக்கது. மேலை நாட்டு மூட்டு அளவுகோல்கள் மாடிப்படி ஏறுவதையும் குளியல்தொட்டியில் இறங்குவதையும் கேட்கும். தரையில் சம்மணமிட்டு உட்காருவது, குந்தி உட்காருவது, வரப்பில் நடப்பது, வலை இழுப்பது, வேதாரண்யம் உப்பளத்தில் உப்பு வாருவது ஆகியவை அவற்றில் இருக்காது. அளவுகோலில் முன்னேற்றம் தெரிந்தும், நோயாளிக்கு வேண்டிய செயல் அப்படியே நின்றுபோயிருக்கலாம். ஆய்வு அளந்தது எது, நோயாளிக்கு வேண்டியது எது என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

குடும்பத்தாரிடம் எடுத்துச் சொல்லும்போது சதவீதக் குறைவும் விகிதமும் வேண்டாம். ஆட்களின் எண்ணிக்கையாகச் சொல்வதே புரியும். அவெர்ட் முடிவை, “முதல் நாளே ரொம்ப நேரம் நடக்க வைத்தவர்களில் நூற்றுக்கு 46 பேர் நல்லா இருந்தாங்க, வழக்கம்போலப் பார்த்துக்கொண்டவர்களில் 50 பேர்” என்று சொல்லலாம். இரு எண்ணும் ஒரே அடிப்படையில், ஒரே கால அளவுக்கு இருக்க வேண்டும்.

10. கட்டுரையைப் படிக்கும் வரிசை

- ஒப்பீட்டுக் குழு உண்டா? அதற்குக் கிடைத்த சிகிச்சை என்ன?
- குழுப் பிரிப்பு சமவாய்ப்பு முறையா? அளந்தவருக்குக் குழு விவரம் மறைக்கப்பட்டதா?
- முதன்மை விளைவு எது? பதிவேட்டில் உள்ளதும் அதுதானா?
- இரு குழுக்களுக்கும் இடையிலான வேறுபாடு எவ்வளவு? தனி வேறுபாடு தரப்படவில்லையென்றால் கணக்கிட்டுக்கொள்ளலாம்.
- நம்பிக்கை இடைவெளியின் இரு முனைகளும் என்ன சொல்கின்றன? நன்மை குறைவாக உள்ள முனையிலும் சிகிச்சை தகுமா?
- பி மதிப்பை இதன் பிறகே பார்க்கலாம்.
- விடுபட்டோர் எத்தனை பேர்? எந்தக் குழுவினர்?
- ஆய்வில் பங்கேற்றவர்களும் முன்னால் இருக்கும் நோயாளியும் வயதிலும் நோயின் கடுமையிலும் வேலையிலும் வீட்டுச் சூழலிலும் எவ்வளவு ஒத்திருக்கிறார்கள்?
- இந்தப் பலனுக்காக நோயாளி கொடுக்கும் நேரமும் கூலியும் பயணமும் அவர் கணக்கில் தகுமா?